விட்ட நீர்: 'லீட்' என்ற பழஞ்சொல்லின் பின்னால் ஒரு நடை

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள், மருமகன் வாங்கி வைத்திருந்த, பக்கத்து மலைப்பகுதியான டார்ட்மூரின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையின்மேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசன வாய்க்கால்களோடு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வரைபடம் கிடைத்தால் கதைப்புத்தகம் கிடைத்த மாதிரி. கண் தானாக நீலக் கோடுகளைத் தேடும். மலையில் ஓர் ஆறு என்றால் அது காண்டூர் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, வெட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அந்த வரைபடத்தில் ஒரு மெல்லிய நீலக் கோடு மட்டும் எந்தக் காண்டூரையும் வெட்டாமல், சரிவின் மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்து, மைல்கணக்கில் பக்கவாட்டாகவே போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரமாக நான்கு எழுத்துகளில் ஓர் ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தது. 'லீட்' என்று சொல்ல வேண்டும் என்றாள் மகள். ஈயத்தையோ தலைமையையோ குறிக்கும் சொல்லை யாரோ எழுத்துப் பிழையோடு அச்சிட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோட்டைப் பார்த்தவுடன் பொருள் புரிந்துவிட்டது, சொல்தான் புரியவில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரைக்கும் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் மலையைச் சுற்றிக்கொண்டு வரும் கால்வாய்க்குக் காண்டூர் கால்வாய் என்றே பெயர். உடுமலைப் பக்கம் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள். டார்ட்மூரில் நான் பார்த்த கோடும் அதே வேலையைச் செய்யும் கால்தான். ஆனால் அதற்கென்று தனியே ஒரு பழைய சொல் இருக்கிறது, அந்தச் சொல் ஆயிரம் ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது என்பதை அறிந்தபோதுதான் ஆவல் தொற்றிக்கொண்டது.

லீட் என்பது ஆற்றின் மேற்பகுதியில் ஒரு தடுப்பணை கட்டி, அங்கிருந்து பிரித்து, ஆற்றைவிட மிகக் குறைந்த சரிவில் மலையோரமாக நடத்திச் சென்று, நீர்ச்சக்கரத்தின் தலைமேல் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால். மாவு அரைக்கும் ஆலை, கம்பளி மிதிக்கும் ஆலை, இரும்பு அடிக்கும் உலைக்களம், தகரக் கனிமத்தை இடிக்கும் உலக்கைகள், சுரங்கத்திலிருந்து நீர் இறைக்கும் பொறி என்று எல்லாவற்றையும் அந்த நீர்தான் இயக்கியது. 1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. காற்றாலை அந்நாட்டில் தோன்றுவதற்கு முந்தைய காலம் அது. ஆகவே அவற்றில் பெரும்பாலானவை நீராலைகளே. ஆலை இருக்கும் இடமெல்லாம் அதற்கு நீர் கொண்டுவரும் கால் ஒன்று இருந்திருக்கும். டெவன், கார்ன்வால் பகுதிகளில் அதற்கு லீட் என்று பெயர் நிலைத்தது.

மறுவாரம் மருமகன் என்னைக் காரில் கூட்டிப்போய், 1790-களில் கப்பல் துறைக்குக் குடிநீர் கொண்டுவர வெட்டிய டெவன்போர்ட் லீட்டின் கரையில் இறக்கிவிட்டார். நான்கடி அகலம், முழங்காலுக்குக் கீழே ஆழம். இருபுறமும் கருங்கல் அடுக்கு, அதன்மேல் புல். தண்ணீர் தேநீர் வடித்தது போலப் பழுப்பாக, ஆனால் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. அந்த மலையின் கரிமண் தரும் நிறம் அது. ஓரிடத்தில் இரு கரையிலிருந்தும் நீட்டுக்கல் ஒன்று நீரை நோக்கித் துருத்திக்கொண்டிருந்தது. பாலம் கட்டத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார்களோ என்று எண்ணினேன். ஆடுகள் தாண்டுவதற்காகப் போட்ட கற்களாம். மேய்ச்சல் நிலத்தின் நடுவே கால் வெட்டினாலும் ஆடு பழையபடி மறுகரைக்குப் போக வேண்டுமே என்று நினைத்துப் பார்த்த ஒரு பொறியாளனை அந்த இரண்டு கற்களில் கண்டேன்.

பழக்கம் விடவில்லை. கரையில் முப்பது அடி அளந்து, ஒரு காய்ந்த இலையை நீரில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்துமூன்று விநாடி. மேற்பரப்பு வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, நான்கடி அகலத்தையும் ஓரடி ஆழத்தையும் பெருக்கினால் விநாடிக்கு நான்கு கன அடிக்குச் சற்று மேலே வருகிறது. நம் ஊர்க் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஒரு கிளை வாய்க்காலின் கிளை மதகில் போகும் தண்ணீர். இந்தத் தண்ணீரைப் பதினாறு அடி உயரச் சக்கரம் ஒன்றின் தலைமேல் விட்டால் ஏழரைக் குதிரைத்திறன் வரும். சக்கரமும் பற்களும் அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டாலும் ஐந்து குதிரைத்திறன் மிஞ்சும். சின்ன வயதில் அரிசி மாவுக்கும் மிளகாய்த் தூளுக்கும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற எங்கள் ஊர் மாவு மில்லில் ஓடியது ஐந்து குதிரை மோட்டார்தான். ஆக, ஒரு கிராமத்துக்கு மாவு அரைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அந்த நான்கு கன அடி சுமந்துகொண்டிருந்தது.

சுமந்தது நீரை என்று சொல்வது முழு உண்மையாகாது. நீர் ஆற்றிலேயே இருந்தது; அதற்காக யாரும் மைல்கணக்கில் மலையைச் சுற்றி வெட்ட வேண்டியதில்லை. ஓர் ஆறு ஒரு மைலுக்கு நூறடி இறங்கினால், லீட் அதே மைலுக்குச் சில அடிகளே இறங்கும். இரண்டு மைல் தள்ளிப் பார்த்தால் ஆறு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும். லீட்டோ இன்னும் மலைத்தோளில் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான அந்த உயரம்தான் ஆலைக்காரனின் முதல். ஆறு கல்லிலும் கரையிலும் மோதி வீணாகச் செலவழிக்கும் உயரத்தை லீட் செலவழிக்காமல் சேமித்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கைச் சோதனை செய்து நிறுவியவர் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். சிறு மாதிரிச் சக்கரங்களை வைத்து அவர் செய்த ஆய்வு 1759-இல் ராயல் சொசைட்டியின் முன் வாசிக்கப்பட்டது. ஓடும் நீரில் துடுப்பு நனைய நிற்கும் சக்கரத்தைவிட, தலைமேல் நீர் வாங்கும் சக்கரம், அதே நீருக்கும் அதே வீழ்ச்சிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பு வேலை செய்யும் என்பது அவர் கண்ட முடிவு. முன்னதற்கு லீட் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். பின்னதற்கு லீட் இல்லாமல் ஆகாது. அதே 1759-இல் ஸ்மீட்டன் கட்டி முடித்த எடிஸ்டோன் கலங்கரை விளக்கின் மேற்பகுதி, பின்னாளில் கழற்றிக் கொண்டுவரப்பட்டு, பிளிமத் கடற்கரை மேட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. தினமும் மாலை நடையில் அதைச் சுற்றி வந்தேன். அந்த மனிதர் என் நீர்ச்சக்கரத்துக்கும் உறவு என்பது ஊருக்குத் திரும்பும் வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றொரு வினை இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அது 'லெட்' ஆகிவிட்டது. விடு, அனுமதி என்று பொருள். நீர் விடும் வழிக்கு அக்காலத்தில் 'வேட்டர்யெலேட்' என்றார்கள். முன்னால் இருந்த நீரும் நடுவில் இருந்த முன்னொட்டும் காலப்போக்கில் உதிர்ந்து, மிச்சம் நின்றதுதான் லீட். ஆகவே லீட் என்றால் 'விட்டது'. 'இன்லெட்', 'அவுட்லெட்' என்று நாம் அலுவலகத்தில் தினமும் எழுதிய சொற்களுக்குள்ளும் அதே வினைதான் ஒளிந்திருக்கிறது.

இதை அறிந்த அன்று மாலை பிளிமத் தெருவில் நடந்தபோது, வீட்டு வாசல்களில் நட்டிருந்த 'டு லெட்' பலகைகள் வேறு மாதிரித் தெரிந்தன. வாடகைக்கு விடுவதற்கும் அவர்கள் அதே வினையைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் அப்படித்தானே? வீட்டை வாடகைக்கு விடுகிறோம், நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறோம், அணையிலிருந்து தண்ணீர் விடுகிறோம். இரண்டு மொழிகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் தண்ணீரையும் வீட்டையும் ஒரே வினையில் விட்டிருக்கின்றன. கைவிட்டுப் போனாலும் உரிமை கைவிட்டுப் போகாத பொருளுக்கே அந்த 'விடு' பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாடகை வீடு திரும்ப வர வேண்டும். ஆலைக்கு விட்ட நீரும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். அது பயிருக்குப் போகும் நீரைப் போல மண்ணில் மறைவதில்லை.

ஆங்கிலம் பேசுபவர்கள் எல்லோரும் இதை லீட் என்று சொல்வதில்லை. ஸ்காட்லாந்தில் 'லேடு' என்பார்கள். பெர்த் நகரத்துக்கு ஆல்மண்ட் ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் ஓடி வந்து டே ஆற்றில் சேரும் இடைக்காலத்து லேடு இன்னும் ஓடுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பழைய ஆலைக்காலின் ஓரமாகப் போகும் நடைபாதைக்கு 'லேடு பிரேஸ்' என்று பெயர். வழி, பயணம் என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது இந்த லேடு. சுமை என்று இன்று பொருள்படும் 'லோடு' என்ற சொல்லும், திசை காட்டும் விண்மீனுக்கான 'லோடுஸ்டார்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தவை. நம் லாரிகளில் ஏற்றும் லோடுக்கு ஸ்காட்லாந்து ஆலையில் ஒரு பங்காளி இருக்கிறான்.

யார்க்ஷயரில் 'கோயிட்' என்கிறார்கள். ஊற்றுவது என்ற வினையின் வழி வந்த சொல். ஷெஃபீல்ட் நகரில் டான் ஆற்றிலிருந்து பிரித்த கோயிட்டும் ஆறும் சேர்ந்து நடுவில் ஒரு நிலத்தைத் தீவாக்கிவிட்டன. அதற்குக் கெலம் தீவு என்று பெயர். தமிழில் அப்படிப்பட்ட இடத்தை அரங்கம் என்போம். பொதுவாக எல்லோரும் சொல்லும் 'ரேஸ்' என்பது வைக்கிங்குகள் கொண்டுவந்த, விரைந்து ஓடுதலைக் குறிக்கும் சொல். விட்டது, நடத்தியது, ஊற்றியது, ஓடியது என்று ஒரே காலுக்கு நான்கு வினைகள். நமக்கோ நீர்வழியெல்லாம் உடம்பு: வாய், கால், தலைமடை, கடைமடை, மதகின் கண். நீரைப் பற்றி அவர்கள் பேசும்போது அது செய்வது தெரிகிறது. நாம் பேசும்போது அது ஓர் ஆளாகிவிடுகிறது. எது மேல் என்ற வழக்குக்கு நான் வரவில்லை.

புழக்கத்தில் மட்டும் இரு மொழியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஸ்டிக்கில்பாத் என்ற ஊரில் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "இன்று லீட் குறைவாக இருக்கிறது" என்றார். கால் குறையவில்லை, அதில் ஓடும் நீர்தான் குறைந்திருந்தது. ஈரோட்டுப் பக்கம் "வாய்க்கால் வந்துருச்சுங்களா?" என்று கேட்கும்போது யாரும் வாய்க்கால் எங்கே போயிருந்தது என்று திருப்பிக் கேட்பதில்லை. கொள்கலனின் பெயரையே உள்ளிருப்பதற்கு வைத்துவிடும் வழக்கம் நீரோடு வாழ்பவர்களுக்கு எங்கும் உண்டு போலும். ஆகவே லீட் என்பது ஆலைக்கு நீர் கொண்டுவரும் கால் மட்டுமன்று, ஆலையை ஓட்டும் நீரும்தான். இன்று அகழாய்வாளர்கள் அந்தச் சொல்லை டெவனுக்கு வெளியேயும் கொண்டுபோய்விட்டார்கள். வேல்ஸ் நாட்டின் டோலகோத்தி தங்கச் சுரங்கத்துக்கு ரோமானியர்கள் வெட்டிய கால்களையும் அவர்கள் லீட் என்றே எழுதுகிறார்கள்; வெட்டியவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வழியில்லை.

டார்ட்மூரில் லீட் என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பிரான்சிஸ் டிரேக். உலகைச் சுற்றி வந்த கப்பல் தலைவர், ஸ்பானியர்களின் பார்வையில் கடற்கொள்ளையர். 1585-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இசைவளித்தபின், மீவி ஆற்றிலிருந்து பிளிமத்துக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளத்தில் அவர் பொறுப்பில் ஒரு லீட் வெட்டப்பட்டு, 1591 ஏப்ரலில் தண்ணீர் ஊருக்குள் வந்தது. குடிநீர், துறைமுகக் கப்பல்களுக்கு நீர், தீ அணைக்க நீர் என்று காரணங்கள் பல. கூடவே லீட்டின் வழியில் அமைந்த மாவாலைகளின் குத்தகையும் டிரேக்கிடம் இருந்தது. ஊருக்கு விட்ட நீர் போகிற வழியில் அவருக்கும் அரைத்துக் கொடுத்தது.

ஊர்க்கதை இந்தக் கணக்கையெல்லாம் சொல்வதில்லை. டிரேக் குதிரையேறி மலைக்குப் போனாராம். ஓர் ஊற்றைக் கண்டு ஏதோ மந்திரம் சொன்னாராம். பிறகு குதிரையைத் திருப்பிப் பிளிமத்தை நோக்கிப் பாய்ச்ச, தண்ணீர் அதன் குளம்பைத் தொடர்ந்து ஓடி வந்ததாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பவானி நினைவுக்கு வந்தது. பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்கால், 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படுவது, இன்றைக்கும் பதினைந்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அதன் வளைவைப் பார்த்துப் பவானிக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கே கோணவாய்க்கால் என்று பெயர் வந்துவிட்டது. காலிங்கராயனுக்கு ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அது போன தடத்திலேயே வெட்டினார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. மட்டம் பார்க்கும் கருவி தெரியாத கண்ணுக்கு, மேட்டையும் பள்ளத்தையும் தழுவிக்கொண்டு உயரம் இழக்காமல் போகும் ஒரு கால் மனிதன் வகுத்த கோடாகத் தோன்றாது. அங்கே குதிரை வேண்டியிருந்தது, இங்கே பாம்பு. தடத்தைப் பொறுத்தவரை பாம்பே பொருத்தமான உவமை என்று தொழில் முறையில் சொல்வேன். குதிரை அவ்வளவு வளையாது.

கதைகளின் முடிவு வேறு வேறு. பிளிமத் நகராட்சியினர் ஆண்டுதோறும் லீட்டின் தலைப்பகுதிக்குப் போய் விருந்து கொண்டாடும் வழக்கம் உண்டு. அங்கே முதலில் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தி டிரேக்கை நினைப்பார்கள். அடுத்து மதுக்கோப்பையை உயர்த்தி, நமக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் வழித்தோன்றல்களுக்கு மது குறையாதிருக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். காலிங்கராயன் கதையிலோ, தன் சொந்த நன்மைக்காக வெட்டியதாக ஊர் பேசிவிடக் கூடாது என்று, தானும் தன் பரம்பரையும் இந்த நீரைத் தொடுவதில்லை எனச் சபதம் செய்து பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மகளிடம் சொன்னபோது, "நம்ம ஆளு பாவம்ப்பா" என்றாள். டிரேக்கின் லீட் தொடங்கிய தடுப்பணை 1898-இல் கட்டிய பர்ரேட்டர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது; வறட்சியில் மட்டும் தலைகாட்டும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. வாக்கம் ஆற்றிலிருந்து பிரியும் கிரிம்ஸ்டோன் – சார்ட்ரிட்ஜ் லீட், விட்சர்ச் பொதுநிலத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு பழங்கருங்கல் சிலுவையின் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கல்லின் நடுவில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியே போகும் அளவுதான் கிளைக்கு உரிய பங்கு; மிச்சம் தாய் லீட்டில் போய்விட வேண்டும். அந்தக் கல்லுக்கு 'காளைக் கண்' என்று பெயர். குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு நீர் தேய்த்து வழவழப்பாக இருந்தது; உள்ளே ஒரு புல்தாள் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டேன். யாருடைய பங்குக்கோ சற்றுக் கூடுதலாக நீர் போயிருக்கும். கல்லில் கண் வைத்து நீர் பங்கிடுவது நம் ஏரித் தூம்புகளுக்கும் குமிழிகளுக்கும் பழகிய வித்தைதான். உடம்புப் பெயர் வைக்கும் பழக்கம் அவர்களிடமும் ஒரு துளையளவு இருக்கிறது என்று அங்கே திருத்திக்கொண்டேன்.

நீர் திருப்பும் உரிமையும் பழையது. 1201-இல் ஜான் மன்னன் தந்த சாசனம் டெவன், கார்ன்வால் தகரச் சுரங்கத்தாருக்குத் தங்கள் வேலைக்காக ஓடைகளைத் திருப்பிக்கொள்ளும் உரிமையை உறுதி செய்தது. அப்படித் திருப்பிய கால்களால் டார்ட்மூர் முழுவதும் கோடு கிழித்ததுபோல் இருக்கிறது; பெரும்பாலானவை இன்று வறண்ட பள்ளங்கள்.

நான் பார்த்தவற்றில் உயிரோடு ஆலை ஓட்டும் லீட் ஸ்டிக்கில்பாத்தில்தான் இருந்தது. 1814-இல் தொடங்கி 1960 வரைக்கும் அரிவாள், மண்வெட்டி, கோடரி அடித்த ஃபின்ச் ஃபவுண்டரி அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. டாவ் ஆற்றிலிருந்து வரும் லீட் கட்டடத்தின் முதுகை ஒட்டி மரத்தொட்டிகளுக்குள் ஏறுகிறது. அந்தத் தொட்டிக்கு 'லாண்டர்' என்று பெயர். மூன்று சக்கரங்கள்: ஒன்று சம்மட்டிகளுக்கு, ஒன்று உலைக்குக் காற்றூதும் விசிறிக்கு, ஒன்று சாணைக்கு. வழிகாட்டி ஒரு கம்பை இழுத்தார். பலகை தூக்கியது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, சக்கரம் அசையவில்லை. மேல்வாளிகள் ஒவ்வொன்றாக நிறைந்து, கனம் தாங்காமல், சோம்பல் முறிப்பதுபோல் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. அரைச் சுற்றுக்குள் வேகம் சீரானது. உள்ளே சம்மட்டி தரையை அதிர வைத்தது. என் செருப்பு வழியாக அதைக் கேட்டேன். வழிகாட்டி கம்பை விட்டவுடன் எல்லாம் அடங்கியது. வெளியே வந்து சக்கரத்தின் அடியில் குனிந்து பார்த்தபோது, வேலை முடித்த தண்ணீர் ஒரு சிறு சாலகம் வழியாக, அவசரமே இல்லாமல், ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பகுதிக்கு 'வால்' என்று சொல்கிறார்கள்.

அந்த வாலில்தான் எனக்கு இந்தச் சொல்லின் முழுப் பொருளும் பிடிபட்டது. என் உத்தியோக காலம் முழுவதும் கேட்ட புகார் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வரவில்லை. கடைமடைக்காரர் மனு கொடுப்பார், தலைமடைக்காரர் மறுப்பார், நடுவில் நாங்கள் ஷட்டரை ஏற்றி இறக்குவோம். ஆலைக்காரர்களின் பெரிய சண்டையோ தலைகீழானது: தண்ணீர் போகவில்லை. கீழ் ஆலைக்காரன் தனக்கு உயரம் கூடுதலாக வேண்டும் என்று தன் தடுப்பணையை ஓரடி உயர்த்திவிட்டால், பின்தேங்கிய நீர் மேல் ஆலையின் வாலில் ஏறி, அதன் சக்கரத்தின் அடி நீரில் அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த சக்கரம் நீரையே அரைக்கும், மாவை அரைக்காது. ஷெஃபீல்ட் பக்கத்து ரிவலின் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ இருபது ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஓர் ஆலையின் வாலைத் தாண்டினால் அடுத்த ஆலையின் தலை. அங்கெல்லாம் உயரத்தின் ஒவ்வோர் அங்குலமும் யாரோ ஒருவருடைய சொத்து. ஆகவேதான் அவர்கள் வழக்குகளில் நீரின் அளவைவிட அணைக்கல்லின் மட்டம் பெரிதாக இருக்கிறது.

நமக்கு இது முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலையை நிறுவியபோது தாமிரபரணியின் வீழ்ச்சியை நம்பித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று காவிரியில் வரிசையாக இருக்கும் கதவணைகளில் ஒன்றின் பின்தேக்கம் அதற்கு மேலுள்ளதன் காலடிவரைக்கும் எட்டும். எல்லாம் ஒரே நிர்வாகம் என்பதால் சண்டை இல்லை. அங்கே வேலை செய்பவர்கள் நீர் உள்ளே வரும் வழியைப் 'பென்ஸ்டாக்' என்றும் வெளியேறும் வாலை 'டெயில் ரேஸ்' என்றும் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். பழைய மாவாலைக்காரனின் சொற்கள் அவை. வைக்கிங்குகளின் 'ரேஸ்' நெரிஞ்சிப்பேட்டைவரைக்கும் வந்துவிட்டது. டெவனின் லீட் மட்டும் மலையைவிட்டு இறங்கவில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று விமானத்தில் எழுதி எழுதி அடித்தேன். 'ஆலைக்கால்' என்றால் கரும்பு வாசம் வருகிறது. ஆலை என்ற சொல் நம்மிடம் கரும்பைப் பிழியத்தான் முதலில் பழகியது. 'விசைக்கால்' பள்ளிப் பாடநூல் போல் இருக்கிறது. 'வாய்க்கால்' என்றே விட்டுவிடலாம், ஆனால் அது வயலுக்குள் போய்விடும், திரும்பி வராது. கடைசியில் 'விடுகால்' என்று எழுதி வைத்தேன். விட்ட நீரும் அதில் இருக்கிறது, நம் காலும் இருக்கிறது. வழங்குமா என்பது என் கையில் இல்லை. குறிப்பேட்டில் அடிக்காமல் விட்ட சொல் அது ஒன்றுதான்.

ஊர் திரும்பிய வாரத்தில் பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுப் பக்கம் போனேன். என்னோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மதகடியில் உட்கார்ந்திருந்தார். "எப்பங்க சார் வந்தீங்க? தண்ணி விட்டாச்சுங்க, பாத்தீங்களா?" என்றார். சீமையில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். குதிரைக் கதைக்குத் தலையாட்டினார். ஆடு தாண்டும் கல்லை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்டார். கடைசியாக, ஆலைக்காரர்கள் தண்ணீர் போகவில்லை என்று கோர்ட்டுக்குப் போன கதையைச் சொன்னேன். சற்று நேரம் மதகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி போகலைன்னு சண்டைங்களா?" என்றார். "அந்த ஊருக்கு மாத்தல் கேட்டிருக்கலாமுங்க சார் நாம."